முன்னால் 27 மீற்றர் வீதி, பின்னால் தனி வீடுகள்: ரொறன்ரோவின் 45 பாகைக் கணக்கு

கீறுகோல்:

வணக்கம். நடுத்தர உயரக் கட்டடம் ஒன்றுக்குக் குறுக்குவெட்டுக் கீறிக்கொண்டிருக்கிறேன், கணக்கு இடிக்குது.

காணி 569-2013 சோனிங் பைலோவில் (ரொறன்ரோவின் நிலப்பயன்பாட்டு விதி) சீஆர் வலயம் (கடையும் குடியிருப்பும் கலந்தது), எஸ்எஸ்2 (அந்த வலயத்தின் இரண்டாம் விதித்தொகுதி) எண்டு குறிச்சிருக்கு. முன்வீதியின் திட்டமிட்ட அகலம் 27 மீற்றர், வடக்குப் பக்கம். காணி முகப்பு 30 மீற்றர், ஆழம் 35. பின்வேலிக்குத் தெற்கே தனி வீடுகளின் பின்வளவு. இடையில ஒழுங்கை இல்லை. அந்த வளவுகள் எங்கட நிலமட்டத்தைவிட 1.2 மீற்றர் பள்ளம். உரிமையாளருக்கு எட்டு மாடி வேணும்: கீழ்மாடி கடைகள், 4.5 மீற்றர், மற்ற ஏழும் 3 மீற்றர், மொத்தம் 25.5.

தெரிய வேண்டியது இதுதான். பின்பக்க 45 பாகைச் சாய்தளத்தை (கட்டடம் தாண்டக்கூடாத கற்பனைச் சரிவை) வேலியடியில் பூச்சியத்தில இருந்து தொடங்கிறதா, 7.5 மீற்றர் தள்ளி 10.5 மீற்றர் உயரத்தில இருந்தா? உயரத்தை எந்த நிலத்தில இருந்து எடுக்கிறது, எங்கடயா அவையின்ரயா? மாகாணம் இந்தச் சாய்தளத்தையே எடுத்துப்போட்டுது எண்டு ஒருத்தர் சொல்லுறார், அப்பிடியெண்டால் நான் ஏன் மினக்கெடுறன்?

தூக்குக்குண்டு:

உங்கட காணி "ஆழம் குறைஞ்ச காணி" வகை. மாநகரத்தின் 2010 நடுத்தர உயரக் கட்டட வழிகாட்டியில வீதி அகலத்துக்கு ஏற்ற ஆழம் சொல்லியிருக்கு: 20 மீற்றர் வீதிக்கு 32.6, 27க்கு 41, 30க்கு 44.6, 36க்கு 51.8. அதுக்கு மேல ஆழமிருந்தால் சாய்தளம் வேலியடியில பூச்சியத்தில தொடங்கும். குறைவெண்டால் 7.5 மீற்றர் செற்பாக் கோட்டில (கட்டடம் எல்லையில இருந்து விலகி நிற்க வேண்டிய கோடு), 10.5 மீற்றர் உயரத்தில தொடங்கும். உங்களுக்கு 35, ஆனபடியால் இரண்டாவது. இந்தச் சலுகையின் பெறுமதி ஒவ்வொரு மேல்மாடிக்கும் 3 மீற்றர்.

உயரம் எடுக்கிறது பின் எல்லைக்கோட்டு நிலத்தில இருந்து. கடை வாசல் மட்டத்தில இருந்து அல்ல. பிழை விடுற இடம் இதுதான்: கட்டடத்தின் மொத்த உயரத்தை ஒரு மட்டத்தில இருந்தும் சாய்தளத்தை இன்னொன்றில இருந்தும் அளக்க வேணும், ஆனால் ஒரே கோட்டைப் போட்டுவிட்டு எல்லாம் சரி எண்டு விடுவினம். பின் எல்லை 1.2 பள்ளமெண்டால் உங்கட மூன்றாம் மாடியின் உச்சி அங்கேயிருந்து 10.5 இல்லை, 11.7.

முன்பக்கம்: வீதி அகலத்தின் 80 வீதம், அதாவது 21.6 மீற்றர் வரை நேர்ச்சுவர். அதுக்கு மேல 45 பாகை. ஏழாம் மாடியின் உச்சி 22.5, ஆகவே 0.9 மீற்றர் உள்ளே. எட்டாவது 25.5, ஆகவே 3.9 உள்ளே.

இனி மிஞ்சுற ஆழத்தைப் பாருங்கோ. முதல் இரண்டு மாடிக்கும் 27.5 மீற்றர். மூன்றாவது 26.3. நாலாவது 23.3, அஞ்சாவது 20.3, ஆறாவது 17.3. ஏழாவதில முன்வெட்டும் சேர 13.4. எட்டாவதில 7.4. பின்வளவு ஒரே மட்டமாக இருந்திருந்தால் எட்டாவது 8.6 ஆகியிருக்கும்.

நடுவில கொரிடோர், இரண்டு பக்கமும் யூனிற் எண்டால் 18 முதல் 20 மீற்றர் ஆழம் வேணும். ஆறாம் மாடி அந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழே. ஏழில ஒரு பக்கம்தான் ஒழுங்கான யூனிற். எட்டில 1.5 மீற்றர் கொரிடோர் போனால் 5.9 மீற்றரில வீடு. அதுக்கும் இரண்டு வெளியேறும் படிக்கட்டும் லிப்ற்றும் ஏற வேணும். மொத்தமே 7.4 × 30 = 222 சதுர மீற்றர்.

அதைவிட, படிப்படியாய் ஏறுற பின்சுவரின் செலவை ஆரும் கணக்கில எடுக்கிறேல்லை. ஒவ்வொரு ஸ்ரெப்பாக்கும் (மேல்மாடி உள்வாங்கிற படி) கீழ்வீட்டின் மேல் ஒரு கூரை: வெப்பக்காப்பு, நீர்க்காப்பு, வடிகால். மேல்மாடியின் வெளிச்சுவர் கீழ்மாடியின் நடுப்பகுதிக்கு மேல நிற்கும், ஆகவே தூண் நேராய் இறங்காது. ஸ்லாப்பைத் தடிப்பாக்கவோ மாற்றுவளை (மேல்தூணின் பாரத்தைப் பக்கத்துத் தூணுக்குக் கடத்துற உத்திரம்) போடவோ வேணும். குளியலறைக் குழாய்களும் மாடிக்கு மாடி விலகும். உங்கட குறுக்குவெட்டில மூன்றாம் மாடியில இருந்து இது ஆறு தடவை நடக்குது.

கீறுகோல்:

நன்றி அண்ணா. எட்டாவது ஒல்லியாக வரும் எண்டு தெரியும், 7.4 எண்டு நினைக்கேல்லை. மெக்கானிக்கல் பென்ற்ஹவுஸை (லிப்ற் தலையும் காற்றுக் கருவிகளும் இருக்கிற கூரைப் பெட்டி) இன்னும் கீறேல்லை. அது உயரக் கணக்கில வராதுதானே?

தூக்குக்குண்டு:

உயரத்தில வராது, சாய்தளத்தில வரும். 2010 வழிகாட்டியின்படி உச்ச உயரத்துக்கு மேல 5 மீற்றர் வரை போகலாம், ஆனால் எந்தச் சாய்தளத்தையும் துளைக்கக் கூடாது.

எட்டு மாடிக்குப் போட்டுப் பாருங்கோ. பென்ற்ஹவுஸ் உச்சி 30.5, பின் எல்லையில இருந்து 31.7. பின்பக்கம் தேவைப்படுற தூரம் 7.5 + (31.7 − 10.5) = 28.7. முன்பக்கம் 30.5 − 21.6 = 8.9. கூட்டினால் 37.6. காணியே 35. முழு 5 மீற்றர் உயரப் பெட்டிக்கு ஒரு கம்பி வைக்கக்கூட இடமில்லை.

ஏழு மாடி எண்டால் 25.7 + 5.9 = 31.6, ஆகவே 3.4 மீற்றர் அகலக் கீலம் ஒன்று கிடைக்கும். அதுவும் இறுக்கம்தான், ஆனால் லிப்ற் தலையையும் காற்றுக் குழாய்களையும் நீளவாட்டில அடுக்கிச் சமாளிக்கலாம். என்னைக் கேட்டால் இந்தக் காணியில எட்டாம் மாடியைக் கொன்றது அயல் வீடு அல்ல, லிப்ற். உரிமையாளருக்கு இந்த ஒரு படத்தை மட்டும் காட்டுங்கோ.

நிழல்மானி:

45 பாகை எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று பார்த்தால் இந்தக் காணியில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்பது விளங்கும்.

ரொறன்ரோ ஏறத்தாழ 43.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. மார்ச் 21, செப்ரெம்பர் 21 நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 46.3 பாகை உயரத்தில் நிற்கும். பூச்சியத்தில் தொடங்கும் சாய்தளத்துக்குள் கட்டடம் நின்றால், வீடுகள் வடக்கே இருக்கும் காணியில் நண்பகல் நிழல் வேலிக்குள்ளேயே முடியும். 10.5 இல் தொடங்கும் சலுகைத் தளத்தில் நிழல் வேலியைத் தாண்டி 2 முதல் 2.5 மீற்றர் விழும். இரண்டு மீற்றர் உயரப் பலகை வேலியே அந்த நேரத்தில் 1.9 மீற்றர் நிழல் போடும். ஆக, அந்தச் சலுகையால் அயலவர் இழப்பது நண்பகலில் வேலி நிழலுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. குளிர்காலக் கதை வேறு: டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் 22.9 பாகையில்தான், 25.5 மீற்றர் கட்டடத்தின் நிழல் 60 மீற்றர் நீளும். சாய்தளத்தால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் காணியில் வீடுகள் தெற்கே. நிழல் அவர்கள் பக்கம் பெரும்பாலும் போகவே போகாது, வீதிக்கும் எதிர்ப்புற நடைபாதைக்கும்தான் போகும். ஆனாலும் பின்பக்க விதி திசை பார்ப்பதில்லை. தெற்கோ வடக்கோ ஒரே 45 பாகை. அங்கே அது காக்க முயல்வது வெயிலை அல்ல, வளவில் நிற்பவருக்குத் தெரியும் வானத்தையும் மறைவையும். முன்பக்க 80 வீதம் அப்படியல்ல. எதிர்ப்புற நடைபாதைக்கு மார்ச், செப்ரெம்பரில் ஐந்து மணிநேர வெயில் கிடைக்க வேண்டும் என்பதிலிருந்தே அது வந்தது. வடக்கே வீதி உள்ள உங்கள் காணியில் உண்மையிலேயே வேலை செய்யும் விதி அதுதான். தளர்வு கேட்பதானால் பின்பக்கத்தில் கேளுங்கள். உரிமையாளர் "வீதிப் பக்கம் தள்ளுவோம், அயலவர் சத்தம் போடமாட்டார்கள்" என்று சொல்லக்கூடும். விண்ணப்பத்துடன் கொடுக்கும் நிழல் ஆய்வில் அது உடனே பிடிபடும்.

நிழல் ஆய்வின் நேரங்கள் 9:18, 10:18 என்று 18:18 வரை போவதைக் கண்டு தட்டச்சுப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். நகரம் 75 பாகை நேரக்கோட்டுக்கு மேற்கே 79.4 இல் இருப்பதால் உண்மை நண்பகல் சராசரியாக 18 நிமிடம் பிந்தி வருகிறது; கோடைநேரம் சேர்ந்தால் 13:18. முழு மணிக்குக் கீறிக் கொடுத்த ஆய்வு திரும்பி வரும்.

பத்திரக்கட்டு:

மாகாணம் சாய்தளத்தை எடுத்துப்போட்டுது என்று சொன்னவர் பாதிதான் வாசிச்சிருக்கிறார். 2024 நவம்பரில் வந்த ஒன்ராறியோ ஒழுங்குவிதி 462/24 சாய்தளத்தை நீக்கியது உண்மை. ஆனால் அது தனி வீடு, இரட்டை வீடு, வரிசை வீடு இருக்கிற காணியில் மேலதிக குடியிருப்பு சேர்த்து மூன்று யூனிற் வரை கட்டுறதுக்கு. காணியின் கட்டட மூடல் 45 வீதம் வரை, வீட்டுக்கும் பின்வளவுக் கட்டடத்துக்கும் இடையில 4 மீற்றர் போதும் என்பதும் அதே விதியில்தான். உங்கட எட்டு மாடிக்கு அதில ஒரு வரியும் இல்லை.

உங்களுக்குப் பொருந்தக்கூடிய மாற்றம் மாநகர சபையினுடையது. 2024 டிசம்பரில் நடுத்தர உயர வழிகாட்டியின் பின்பக்கத் தரநிலையைத் திருத்தினார்கள்: மாடிக்கு மாடி வெட்டுற 45 பாகைக்குப் பதில் செற்பாக்கும் குறைந்த எண்ணிக்கை ஸ்ரெப்பாக்கும். தம்பி தூக்குக்குண்டு சொன்ன கட்டுமானச் செலவுதான் அந்தத் திருத்தத்துக்கு முக்கிய காரணங்களில் ஒன்று. ஆனால் வழிகாட்டி வேறு, பைலோ வேறு. வழிகாட்டி மாறினதால உங்கட காணியில் ஏற்கெனவே எழுதியிருக்கிற இலக்கம் தானாக மாறாது. முதல் வேலை, காணியின் இன்றைய சோனிங் வாசகத்தையும் அதில் ஒட்டியிருக்கிற விசேட விதிவிலக்கு இலக்கத்தையும் எடுத்து வாசிக்கிறது. விதிவிலக்கில் பழைய பைலோவின் உயரம் ஒளிஞ்சிருக்கும். அதைத் தவறவிட்டு முழுத் தொகுதி வரைபடமும் திரும்ப வந்தது உண்டு.

பிறகு வழி இரண்டு. சாய்தளத்தைக் கொஞ்சம் துளைக்கிறது மட்டும் எண்டால் சரிக்கட்டல் குழுவுக்கு (பைலோவில் இருந்து சிறிய விலகல்களை அனுமதிக்கிற மாநகரக் குழு) சிறு விலக்கு விண்ணப்பம். நாலு சோதனை: விலக்கு சிறியதா, காணியின் பொருத்தமான பயன்பாட்டுக்கு விரும்பத்தக்கதா, சோனிங் பைலோவின் நோக்கத்தையும் மாநகரத்தின் உத்தியோகபூர்வ திட்டத்தின் நோக்கத்தையும் காக்குதா. நாலும் தேறவேணும், மூன்று தேறினால் காணாது. அறிவித்தல் 60 மீற்றருக்குள் இருக்கிற உரிமையாளர்களுக்கு. உயரத்தையும் அடர்த்தியையும் பெரிசாக மாற்றுறதெண்டால் சோனிங் திருத்தம். அறிவித்தல் 120 மீற்றர், வளவில் பலகையும் வைக்கவேணும்.

பென்ற்ஹவுஸ் ஒரு மூலையில 2 மீற்றர் துளைக்குது, வீடுகளுக்கு நிழலும் இல்லை எண்டால் "சிறிய" எண்டு வாதாடலாம். பின்சுவர் முழுவதும் 30 மீற்றர் நீளத்துக்குத் துளைக்குது எண்டால் அந்தச் சொல்லை உபயோகிக்கவே கூசும்.

இதை வாசிக்கிற அயல் வீட்டுக்காரருக்கும் ஒரு சொல்லு. முந்தி அயலவர் மேன்முறையீடு செய்யலாம். 2022இன் சட்டமூலம் 23 சிறு விலக்கில் அந்த உரிமையை எடுத்தது. 2024 ஜூனில் சட்டமூலம் 185 சோனிங் திருத்தத்திலும் எடுத்தது. இப்ப மேன்முறையீட்டுக்கு விண்ணப்பதாரர் போகலாம், பக்கத்து வீட்டுக்காரர் போகேலாது. ஆனபடியால் கதைக்கிறதை முடிவுக்கு முந்தி, எழுத்தில கதைக்க வேணும். "எட்டு மாடி வேண்டாம்" என்ற கடிதம் கோப்பில் தூங்கும். "எங்கள் பின்வளவு 1.2 மீற்றர் பள்ளம், குறுக்குவெட்டு எ-எ அதைக் காட்டவில்லை, சாய்தளத்தைத் திரும்பக் கீறவும்" என்ற கடிதத்தைத் திட்ட அலுவலர் தட்டிக்கழிக்கிறது கஷ்டம்.

கீறுகோல்:

விளங்கிச்சு அக்கா. இன்னொண்டு: பின்னால வாற 7.5 மீற்றரில என்ன வைக்கலாம்? உரிமையாளர் லொறி ஏற்றுமிடமும் நிலக்கீழ்ப் பார்க்கிங் இறக்கமும் அதில வேணும் எண்டு நிக்கிறார்.

வேலியோரம்:

7.5 எப்படிப் பிரியும் என்று பாருங்கள். குடியிருப்பு வலயத்தைத் தொடும் எல்லையில் 1.5 மீற்றர் அகலத்துக்கு மண்ணும் செடியும் மட்டும். இருவழி வாகனப் பாதைக்கு 6 மீற்றர். இரண்டும் சேர்ந்தால் சரியாக 7.5. அதனால்தான் நகரில் பாதி நடுத்தரக் கட்டடங்களின் பின்புறம் ஒரே மாதிரி: ஒரு தார்ப்பாதை, ஒரு சீடர் மர வரிசை, ஒரு வேலி. விதி நிறைவேறியது, ஆனால் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது லொறி பின்னேறும் "பீப்" சத்தம். ஏற்றுமிடத்தைக் கட்டடத்துக்குள்ளே, கூரைக்குக் கீழே, கதவுடன் வையுங்கள். கீழ்மாடியில் 27.5 மீற்றர் ஆழம் இருக்கிறது. கடைக்கு அவ்வளவு ஆழம் எப்படியும் தேவையில்லை.

அந்த 1.5 மீற்றரில் பெரிய மரத்தைக் கீறி அயலவரை ஏமாற்றாதீர்கள். மரம் ஒன்றுக்கு நகரின் பசுமைத் தரநிலை கேட்பது 30 கன மீற்றர் மண். 1.5 மீற்றர் அகலம், 1 மீற்றர் ஆழம் என்றால் ஒரு மரத்துக்கு 20 மீற்றர் நீளம் வேண்டும். உங்கள் 30 மீற்றர் எல்லைக்கு ஒன்றரை மரம். நிலக்கீழ்ப் பார்க்கிங்கை வேலி வரை இழுத்தால் ஒரு மீற்றர் ஆழமும் கிடைக்காது. ஸ்லாப்புக்கு மேல் கிடக்கும் மண் மாரியில் உறையும், கோடையில் காயும், மூன்றாம் வருடம் சீடர் மண்ணிறமாகும். பார்க்கிங் சுவரை வேலியிலிருந்து 3 மீற்றராவது உள்ளே நிறுத்துங்கள். பள்ள வளவு என்பதால் தாங்குசுவரும் வரும். அதன் அத்திவாரமும் அந்த 1.5க்குள் நுழைந்தால் செடிக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

மறைவைப் பற்றியும் கேட்பார்கள். நாலாம் மாடி ஸ்ரெப்பாக் மொட்டைமாடியை யூனிற்றுக்குக் கொடுப்பீர்கள். கைப்பிடியை விளிம்பில் வைத்தால் நிற்பவர் அயல் வளவை நேரே கீழே பார்க்கலாம். கைப்பிடியை விளிம்பிலிருந்து 1.5 மீற்றர் உள்ளே வைத்து, விளிம்பில் 0.6 மீற்றர் உயரச் செடித்தொட்டி கட்டுங்கள். தரை 10.5, கண் 12.1, தொட்டி உச்சி 11.1 மீற்றர். பார்வைக்கோடு 1.5 மீற்றருக்கு 1 மீற்றர் இறங்குகிறது, விளிம்பிலிருந்து 16.65 மீற்றர் தள்ளித்தான் நிலத்தைத் தொடும். விளிம்பு வேலியிலிருந்து 7.5 மீற்றர் என்றால் அயல் வளவின் முதல் 9.15 மீற்றர் கண்ணில் படாது.

தூக்குக்குண்டு:

ஒரு திருத்தம். அது சமதரைக் கணக்கு. இவருடைய காணியில மூன்றாம் மாடியே வேலியில இருந்து 8.7 தள்ளித்தான் நிற்குது, வளவும் 1.2 பள்ளம். திரும்பப் போட்டால்: தொட்டி உச்சி பின்வளவு மட்டத்தில இருந்து 12.3, கோடு 18.45 மீற்றரில தரையைத் தொடும், 8.7 கழிக்க 9.75. முடிவு இன்னும் நல்லம்தான், ஆனால் அனுப்புற படத்தில சரியான இலக்கம் இருக்கட்டும். தொட்டி சாய்தளத்தை 0.6 துளைக்குது, அதை ஒளிக்காமல் காட்டி, "மறைவுக்காக" எண்டு பக்கத்தில எழுதுங்கோ.

வேலியோரம்:

ஓம், சரி. பள்ளத்தை விட்டுவிட்டேன்.

நிழல்மானி:

இன்னொரு பக்கத்தையும் குறுக்குவெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் வீடுகளை ஒரு மாடி பங்களாவாகக் கீறுவது வழக்கம், இன்று நிற்பது அதுதான். ஆனால் 2023 மே மாதத்திலிருந்து நகரம் முழுவதும் அந்தக் காணிகளில் நாலு யூனிற் வரை 10 மீற்றர் உயரத்துக்குக் கட்டலாம். 2025 ஜூனில் ஆறு யூனிற்றை ரொறன்ரோ-ஈஸ்ற்யோர்க் பகுதியிலும் ஸ்காபரோ நோர்த் தொகுதியிலும் அனுமதித்தார்கள். 10 மீற்றர் உருவத்தைப் புள்ளிக்கோட்டில் பின்னால் வையுங்கள்; உங்கள் மூன்று மாடிச் சுவருக்கு எதிரே நிற்கப்போவது அதுவாக இருக்கலாம். பக்கச்சுவரிலும் கவனம்: யன்னல் வைத்தால் பக்க எல்லையிலிருந்து 5.5 மீற்றர். 30 மீற்றர் முகப்பில் இரு பக்கமும் யன்னல் வைத்தால் 19 மீற்றர்தான் மிஞ்சும்.

கீறுகோல்:

பக்கங்கள் யன்னலில்லாச் சுவர்தான், இரண்டும் சீஆர் காணிகள். ஏழு மாடிக்கு ஒரு படமும், எட்டுக்கு பென்ற்ஹவுஸ் துளைக்கிறதை சிவப்பில காட்டி ஒரு படமும் கீறுறன். பின் எல்லை மட்டம் பழைய சேர்வேயில ஒரு புள்ளிதான் இருக்கு, காணுமா?

தூக்குக்குண்டு:

காணாது. 30 மீற்றருக்கு ஒரு புள்ளியில சராசரி எடுக்கேலாது. இரண்டு மூலையும் நடுவில குறைஞ்சது இரண்டும் எடுப்பியுங்கோ. வேலியோட அயலவர் மண் கொட்டி உயர்த்தியிருந்தால் அதைத் தனியாக் குறிக்கச் சொல்லுங்கோ, அந்தக் கும்பியின் உச்சியை நிலமட்டம் எண்டு எடுத்துப்போடாதேங்கோ.